இருபது நிமிஷம், முப்பது லட்சம்

தனியாக இன்டர்வியூவுக்குப் போவது ஒரு கஷ்டம் என்றால், கூட்டமாகப் போவது ஐந்து கஷ்டம். தனியாகப் போகிறவன் உளறினால் அவன் உளறல் அவனோடு போச்சு. ஐந்து பேராகப் போனால், ஒருத்தர் உளறுவதை மற்ற நாலு பேரும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

வேலைக்கான இன்டர்வியூவைச் சொல்லவில்லை. ப்ராஜெக்ட் இன்டர்வியூ. ஒரு நகராட்சியோ, வாரியமோ, பெரிய கம்பெனியோ 'எங்களுக்கு இந்த வேலை ஆகணும், யார் செய்யறீங்க?' என்று டெண்டர் விடும். பத்து பேர் போடுவார்கள். அதில் நாலைந்து பேரை வடிகட்டி, 'நேரில் வந்து எப்படிச் செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க' என்று கூப்பிடுவார்கள். இருபது நிமிஷம் பேச்சு, பத்து நிமிஷம் கேள்வி. வெளியே பெஞ்சில் அடுத்த கம்பெனி டையைச் சரிசெய்தபடி காத்திருக்கும். ஏறக்குறைய பெண் பார்க்கிற சமாசாரம்தான். இங்கே ஒரே நாளில் நாலு மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், பஜ்ஜி கிடையாது.

பத்திரிகைக்கு எழுதிக் கிடைப்பது பெட்ரோலுக்கே சரியாகிவிடுவதால், கம்பெனிகளுக்கு இந்த மாதிரி ப்ரஸன்டேஷன் எழுதிக் கொடுக்கும் வேலையையும் நான் செய்வதுண்டு. 'பி.காம். படிச்சவனுக்கு ஏரியும் மதகும் என்ன தெரியும்?' என்று கேட்காதீர்கள். மதகு தெரியாது. மார்க் தெரியும்.

அந்த மார்க் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நிறையப் பேர் இந்த இருபது நிமிஷத்தை ஒரு சடங்கு என்றே நினைக்கிறார்கள். 'எல்லாம் ரேட்டுதான் ஸார், யார் கம்மியோ அவனுக்குத்தான்' என்பார்கள். கட்டில், பீரோ வாங்குகிற டெண்டருக்கு அது சரி. ஆலோசனை வேலைகளுக்கு கியூ.சி.பி.எஸ். என்று ஒரு முறை உண்டு. தரத்தையும் விலையையும் சேர்த்துப் பார்ப்பது. மத்திய அரசின் 2017-ம் வருடப் பொது நிதி விதிகளிலேயே இருக்கிறது. தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று பங்கு வைத்தால் என்ன ஆகும் பாருங்கள்.

தரத்துக்கான 100 மார்க்கில் ப்ரஸன்டேஷனுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டீம் 18 வாங்குகிறது, எதிராளி 8. மற்றதெல்லாம் சமம். வித்தியாசம் 10. அதில் 70 சதவீதம் 7 புள்ளி. எதிராளி கேட்பது ஒரு கோடி ரூபாய். குறைந்த விலை அவருடையது என்பதால் விலைக்கான 30-ம் அவருக்கே. நீங்கள் கேட்பது 1 கோடியே 30 லட்சம். ஒரு கோடியை 1.3 கோடியால் வகுத்து 30-ஆல் பெருக்கினால் உங்களுக்கு 23-க்குக் கொஞ்சம் மேலே. அதோடு அந்த 7-ஐக் கூட்டுங்கள். மயிரிழையில் நீங்கள்தான் முன்னால்!

அதாவது, அந்த இருபது நிமிஷத்தின் விலை முப்பது லட்சம். நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம். சினிமா நடிகர்கள்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தரத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மார்க் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டாதவரின் விலைக் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். ராத்திரி பூரா உட்கார்ந்து ரேட் போட்டதெல்லாம் ஒட்டின கவரோடு வீட்டுக்குத் திரும்பும்.

எனக்குத் தெரிந்த ஒரு சின்னக் கம்பெனிக்கு இப்படித்தான் திரும்பியது. ஏரி, குளம், கால்வாய்க்கெல்லாம் திட்டம் போட்டு, வேலை நடக்கும்போது மேற்பார்வையும் பார்க்கிற கம்பெனி. எம்.டி.க்கு ஐம்பத்தைந்து வயது. கெட்டிக்காரர், நல்லவர். மைக் கிடைத்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். ஒரு குடிநீர்த் திட்டத்துக்கு இன்டர்வியூ. இருபது நிமிஷத்தில் பதினேழு நிமிஷம் அவரே பேசினார். கம்பெனி பிறந்த கதை, ஆபீஸ் கட்டடத்தின் போட்டோ, குத்துவிளக்கு ஏற்றும் போட்டோ, வாங்கிய ஷீல்டுகளின் போட்டோ. டீம் லீடர் என்று பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய முப்பது வருஷ அனுபவத்துக்கு மார்க் உண்டு என்பதால் பயோடேட்டாவை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். (தொழிலில் இது சகஜம். சகஜம் என்பதால் நியாயம் ஆகிவிடாது.) மற்றவர்கள் அவரை முதன்முதலாகப் பார்த்ததே அன்று காலை டீக்கடையில்தான்.

கமிட்டியில் ஒருத்தர் நிதானமாகக் கேட்டார்: 'சைட்டுல யார் இருப்பீங்க?'

எம்.டி. பெரியவரைக் காட்டினார். பெரியவர் சர்வே பையனைப் பார்த்தார். சர்வே பையன் எம்.டி.யைப் பார்த்தான். அந்த முக்கோணம் முடிவதற்குள் கமிட்டி மார்க் போட்டு முடித்துவிட்டது.

இதை எனக்குச் சொன்னது அந்தக் கம்பெனியில் மானேஜராக இருக்கும் என் நண்பன். சொன்ன கையோடு, 'அடுத்தது ஒரு ஏரி வருதுடா. நீ வந்து கொஞ்சம் எழுதிக் குடு' என்றான். அவன் சிரிக்கவில்லை. அந்த ஆபீஸில் பதினாலு பேர். மூன்று மாதமாகச் சம்பளம் இருபதாம் தேதிக்கு மேல்தான். இந்த ஏரியும் போனால் நாலைந்து பேரை அனுப்ப வேண்டியிருக்கும் என்று அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். யார் யார் என்றுகூட அவரவர் மனசுக்குள் ஒரு லிஸ்ட் வைத்திருந்தார்கள்.

போய்ப் பார்த்தேன். 41 ஸ்லைடு தயாராக இருந்தது. ஒத்திகைக்கு ஆபீஸிலேயே ஒரு கமிட்டி போட்டோம்: நான், அக்கவுன்டன்ட், டீ கொண்டுவந்த அம்மா. (அந்த அம்மாவை உட்கார வைத்ததுதான் நான் செய்த நல்ல காரியம்.) ஒன்பதாவது ஸ்லைடில் அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: 'ஏரி எப்பங்க வரும்?'

வரவில்லைதான். பன்னிரண்டாவது ஸ்லைடில்தான் ஏரி வந்தது, அதுவும் தபால் தலை சைஸில். கமிட்டிக்காரர்கள் அந்த ஏரியைத் தினம் பார்க்கிறவர்கள். மழை வந்தால் அதற்குப் பயந்து தூங்காதவர்கள். அவர்கள் முன்னால் போய் முதல் எட்டு நிமிஷம் நம்மைப் பற்றியே பேசுவது, சாவு வீட்டுக்குப் போய் நம் பையன் வாங்கிய மார்க்கைச் சொல்வது மாதிரி.

கை கவாஸாகி என்று ஒரு அமெரிக்கர் (மோட்டார் பைக் அல்ல, முன்பு ஆப்பிள் கம்பெனியில் இருந்தவர்) பத்து ஸ்லைடு, இருபது நிமிஷம், முப்பது பாயின்ட் எழுத்து என்று ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். நானும் பத்துக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு ஸ்லைடை வெட்டும்போதும் எம்.டி. முகம் முடி வெட்டிக்கொள்ளும் குழந்தை முகம் மாதிரி ஆனது.

வெட்டிக்கொண்டே வரும்போது முப்பத்து மூன்றாவது ஸ்லைடில், ஆறாவது பாயின்டாக, மற்றதைவிடச் சின்ன எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. 'போக்கு வாய்க்காலில் சில கட்டுமானங்கள் உள்ளன.'

'இது என்ன?' என்று கேட்டேன்.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தது. இருபத்தாறு வயசு இருக்கும். சிவில் என்ஜினீயர். ஏரியை இரண்டு நாள் சுற்றி வந்த ஒரே ஆள். 'ஏரி நிறைஞ்சா கலங்கல் வழியா வெளியே போற தண்ணிக்கு ஒரு வாய்க்கால் இருக்கு ஸார். நான் அதுலயே நடந்து போனேன். எண்ணூறு மீட்டர்ல வாய்க்கால் பாதியா குறுகிடுது. அங்க ஒரு கல்யாண மண்டபத்தோட காம்பவுண்டு சுவர் இருக்கு. நாம கரையை எவ்வளவு பலப்படுத்தினாலும், தண்ணி அங்க முட்டிக்கிட்டு ஊருக்குள்ளதான் திரும்பும்.'

'ஏம்மா, அதையெல்லாம் அங்க போய்ச் சொல்ல முடியுமா?' என்றார் எம்.டி. 'மண்டபத்துக்கு அப்ரூவல் குடுத்ததே அவங்களா இருக்கும். வேலை கைக்கு வரட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்.'

அவர் சொன்னதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பதினாலு பேர் சம்பளம் அவர் தலையில் இருக்கிறது. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையில் மாடியில் நின்று பார்த்தவன் என்ற முறையில், தண்ணீருக்குப் பக்குவமாகச் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது. அப்போது எம்.டி.யிடம் நான் சொன்னது கொலம்பியா விண்கலத்தின் கதையை.

2003 ஜனவரியில் கொலம்பியா கிளம்பும்போது டாங்கிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்த்துக்கொண்டு போய் இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஆபத்து உண்டா இல்லையா என்று என்ஜினீயர்கள் ஆராய்ந்து நாஸா அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். ஒரு ஸ்லைடில் தலைப்பு தைரியம் கொடுக்கிற மாதிரி இருந்தது. அடியில், பொடி எழுத்தில், கடைசிப் பாயின்டுகளில் ஒரு விவரம்: பரிசோதித்துப் பார்த்த நுரைத் துண்டு 3 கன அங்குலம்; மோதியது 1,920 கன அங்குலம். 640 மடங்கு! அதாவது, செய்த பரிசோதனையை வைத்து இதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று அர்த்தம். அந்த வரி தலைப்பில் இல்லை. பிப்ரவரி 1-ம் தேதி விண்கலம் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். ஸ்லைடுதான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே வருடம் வந்த விசாரணைக் குழு அறிக்கை, இந்த ஒரு ஸ்லைடை எடுத்துவைத்து, உயிர் போகிற விஷயம் இதில் எப்படிப் புதைந்துபோனது என்று விளக்கியிருக்கிறது.

எம்.டி. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'சரி, மண்டபத்தை மேல கொண்டு வா. ஆனா யார் சொல்றது?' என்றார்.

'நடந்து பார்த்தவங்கதான் ஸார் சொல்லணும்.'

'என் கம்பெனியில நான் ரெண்டு நிமிஷம்தானா தம்பி?'

'மாப்பிள்ளைதான் ஸார் தாலி கட்டணும். பெரியப்பா பக்கத்துல நின்னாப் போதும்.'

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் பாதி வேலை முடிந்தது.

யார் பேசுவது என்பதில் இன்னொரு கதையும் அவருக்குச் சொன்னேன். 2012 ஒலிம்பிக்ஸ் யாருக்கு என்று முடிவு செய்ய, 2005 ஜூலை 6-ம் தேதி சிங்கப்பூரில் ஐந்து நகரங்கள் ப்ரஸன்டேஷன் கொடுத்தன. பாரிஸுக்குத்தான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பிரான்ஸ் ஜனாதிபதியே நேரில் வந்திருந்தார். லூக் பெஸ்ஸோன் எடுத்த அழகான படம் வேறு. லண்டன் சார்பில் தலைமை வகித்துப் பேசியவர் செபாஸ்டியன் கோ. 1,500 மீட்டரில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். கொண்டுபோகலாம் என்று அனுமதித்த நூறு பேரில் முப்பது இடத்தைக் கிழக்கு லண்டன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். மைதானம் வரப்போவது அவர்கள் பேட்டையில். கோ, தான் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸைக் கறுப்பு வெள்ளை டி.வி.யில் பார்த்ததைப் பற்றிப் பேசினார். கடைசி ரவுண்டில் லண்டன் 54, பாரிஸ் 50. அந்த முப்பது பிள்ளைகளால்தான் ஜெயித்தார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த மாதிரி இடங்களில் கதவுக்கு வெளியே நடக்கிற பேச்சும் நிறைய. ஆனாலும், நூறில் முப்பது சீட்டை வி.ஐ.பி.க்களுக்குக் கொடுக்காமல் இருக்க எவ்வளவு மனசு வேண்டும், யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் மேடையில் ஒரு நாற்காலி குறைந்தாலே கட்சி உடையும்.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. பேசுவது மூன்று பேர் மட்டும்: எம்.டி. இரண்டு நிமிஷம், வேலை அட்டவணைக்கு என் நண்பன் ஐந்து நிமிஷம், மீதி அந்தப் பெண். நாலு, ஐந்து பேர் பேசினால், 'இப்போது உங்களிடையே' என்று மைக்கைக் கை மாற்றுவதிலேயே ஒரு நிமிஷம் போகிறது. ஒன்றரை லட்சம் ஸார்!

கடிகாரம் என் கையில். முதல் ஒத்திகை 34 நிமிஷம். இரண்டாவது 27. மூன்றாவதில் நண்பன் 'பதினெட்டு மாசத்துல முடிச்சுடுவோம்' என்றான். உடனே அந்தப் பெண், 'ஸார், அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் ஏரியில தண்ணி இருக்கும், தூர் வார முடியாது. ரெண்டு மழைக்காலம் குறுக்கே வருது' என்றது. அட்டவணையில் ஆறு மாதத்தைக் காணவில்லை! அதைக் கமிட்டி முன்னால் கண்டுபிடிக்காமல் நாமே கண்டுபிடித்தது பெரிய புண்ணியம். ஒரே டீமில் இரண்டு பேர் இரண்டு தேதி சொன்னால் அதற்கு மேல் ஒன்றும் பேச வேண்டியதில்லை, பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

கேள்வி நேரத்துக்கு எம்.டி.யைப் போஸ்ட்மேன் ஆக்கினோம். கேள்வியை அவர் வாங்குவார், உரியவரிடம் கொடுப்பார். பதில் சொன்ன பிறகு வேறு யாரும் 'ஒரே ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லிடறேன்' என்று எழுந்திருக்கக் கூடாது. இந்த 'ஒரே ஒரு விஷயம்' எத்தனையோ டெண்டரை முழுங்கியிருக்கிறது. முதல் ஆள் சொன்னது போதவில்லை என்று நாமே சர்டிபிகேட் கொடுப்பதுதானே அது? பேசாமல் உட்கார்ந்திருக்கிறவர்களும் பேசுகிறவரைத்தான் பார்க்க வேண்டும், மடியில் செல்போனை அல்ல. நகராட்சி மேஜைகளுக்கு முன்பக்கம் பலகை கிடையாது. எல்லாம் தெரியும்.

அந்த நாள் வந்தது. ஓர் ஓரத்தில் லாப்டாப்போடு நானும் உட்கார்ந்திருந்தேன். புரொஜெக்டர் எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டியது. எம்.டி. முகம்கூடப் பச்சையாகத்தான் இருந்தது. ஏரி வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்து எடுத்துப் போயிருந்ததால், அந்தப் பெண் அதை மேஜை மேல் விரித்தது. கமிட்டிக்காரர்கள் எழுந்து நின்று குனிந்து பார்த்தார்கள். நல்ல புரொஜெக்டர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கும், 'தமிழ்லயே சொல்லும்மா' என்றார் தலைவர். அதற்கப்புறம் அது வாய்க்காலில் நடந்தே போக ஆரம்பித்துவிட்டது. கல்யாண மண்டபம் வந்ததும் ஒருத்தர் பேனாவைக் கீழே வைத்தார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. 'அது எங்களுக்கும் தலைவலிதான்' என்றார் தலைவர் மெதுவாக.

மேஜைக் கோடியில் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பெரியவர் ஒருத்தர். அதுவரை வாயே திறக்காதவர். 'மதகு எத்தனை?' என்றார்.

எம்.டி. கேள்வியை வாங்கிக் கொடுத்தார்.

'ரெக்கார்டுல மூணு ஸார். நான் பார்த்தது ரெண்டு. மூணாவதை ரெண்டு நாள் தேடினேன், கண்டுபிடிக்க முடியலை.'

எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. எம்.டி.யின் உதடு அசைந்தது. 'ஒரே ஒரு விஷயம்' என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாலு விநாடிக்கு அவருக்குத் தனியாக மார்க் போடலாம்.

பெரியவர் வரைபடத்தில் விரலை வைத்தார். 'வடக்குக் கரையில இந்த வளைவுல இருக்கு. சீமைக் கருவேலம் மூடியிருக்கும். எங்க காலத்துலயே தூர்ந்துபோச்சு.' பிறகு மற்றவர்களைப் பார்த்து, 'காலைல வந்தவங்க மூணும் நல்லா இருக்குன்னுட்டுப் போனாங்க' என்றார்.

பத்து நாள் கழித்து மார்க்கைப் படித்துவிட்டு விலைக் கவரைப் பிரித்தார்கள். மூன்று பேரில் ஒருத்தர் 74. கோடு 75-ல் இருந்ததால் அவர் கவர் ஒட்டினபடியே போனது. மீதி இருவரில் எதிராளிக்கு 81, விலை 88 லட்சம். நமக்கு 86, விலை 96 லட்சம். அங்கேயே செல்போனில் தட்டிப் பார்த்தேன். அவர்கள் 86.7. நாம் 87.7. எட்டு லட்சம் அதிகம் கேட்டும் ஒரே ஒரு மார்க்கில் வேலை வந்தது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆபீஸில் டீ கொண்டுவரும் அம்மாவுக்கு எம்.டி. ஒரு புடவை வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி.

அந்தப் பெண் இப்போது சைட்டில்தான் இருக்கிறது. கருவேலத்தை வெட்டியதும் மூன்றாவது மதகு, பெரியவர் விரல் வைத்த அதே வளைவில் கிடைத்தது. மண்டபத்துக்காரர் மட்டும் அளக்க வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தே அனுப்பிக்கொண்டிருக்கிறாராம்.

என் பில்லும் அதே நிலைமையில்தான் இருக்கிறது. போனால் காபி வருகிறது. 'கொஞ்சம் பொறுங்க தம்பி, முதல் தவணை வரட்டும்' என்கிறார் எம்.டி. அதை வசூல் செய்ய நானும் ஒரு ப்ரஸன்டேஷன் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன். பத்து ஸ்லைடு. தொகையை முதல் ஸ்லைடிலேயே, பெரிய எழுத்தில் போட்டாகிவிட்டது.